பத்துக் கிராம் உயிரும் ஒரு பெருந்தெருவும்

ஜனவரி மாதம் எங்கள் குசினிக்கு ஓய்வு மாதம். நத்தார், புதுவருசம் என்று டிசம்பர் முழுக்க நாரி முறிய வேலை செய்த பிறகு, ஜனவரியில் சனத்தின் கையில் காசும் இராது, குளிருக்குள் வெளிக்கிட மனமும் இராது. முதலாளி கிழமையில் இரண்டு நாள் பூட்டிவிடுவார். கூட வேலை செய்யிறவர்கள் அந்த இரண்டு நாளும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நித்திரை கொள்வார்கள். நான் வௌவால் எண்ணப் போவேன்.

இதைச் சொன்னால் எங்கட ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அதுக்குக் காசு தருவாங்களோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் இன்னொருக்கால் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்கும் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டாள். "உடுப்பை வாசலிலேயே கழட்டிப் போட்டிட்டு வாங்கோ" என்பதோடு சரி.

ஆனால் ஒருவன் சிரிக்கவில்லை. கோபப்பட்டான். போன கார்த்திகையில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ஹம்பேர்க்கிலிருந்து வந்த என் பழைய நண்பன். நாங்கள் இருவரும் 2007 இல் ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். நாலு கட்டில் போட வேண்டிய அறையில் ஆறு பேர். வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்களே, அப்படித்தான். அன்றைக்கு அவன் பாட் சேகெபேர்க் நகரத்துக்குள் முக்கால் மணித்தியாலம் வாகன நெரிசலில் நின்றுவிட்டு, கேக் வெட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டான்.

"உன்ர வௌவாலாலதான் மச்சான். கிழக்கால வாற ஓட்டோபானை அதுக்காக ஊருக்கு வெளியில நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். பத்துக் கிராம் மிருகத்துக்கு வழக்குப் பேச ஆள் இருக்கு. எங்கட சனம் சாகேக்க ஆர் வழக்குப் பேசினது?"

அவனுடைய தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இல்லை என்றால், இறந்தார்கள் என்ற கடதாசியும் இல்லை, இருக்கிறார்கள் என்ற தகவலும் இல்லை. ஆகவே நான் பேசாமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முதலில் வௌவாலைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வௌவால் புதிதல்ல. ஊரில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன் நான். கடைசி வருட ஆய்வுக்குப் பழந்தின்னி வௌவால்களைத்தான் எடுத்திருந்தேன். பின்னேரங்களில் ஒரு கோயில் வீதி மருதமரங்களுக்குக் கீழே கொப்பியோடு நின்று, எத்தனை பறந்து போகின்றன என்று எண்ணுவேன். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டியது. பின்னேரம் வெளியில் நிற்கிறது என்பது உயிரோடு விளையாடுகிற வேலையாகப் போயிற்று. மரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிற ஒருவனைக் கண்டால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? அந்தக் கொப்பி பாதியில் நின்றது. படிப்பும் பாதியில் நின்றது. மிச்சம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

இங்கே 2011 ஆவணி மாதம் ஒரு இரவு. எங்கள் ரெஸ்ரோரண்ட் ஒரு ஏரிக் கரையில் இருக்கிறது. குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பும்போது இருட்டுக்குள் மெஷின்கண் சுடும் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், வானொலிக்குள்ளால் வருவது மாதிரி. ஆனால் உடம்புக்கு அது தெரியாதுதானே. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். எழும்பிப் பார்த்தால் ஒரு வயதான வெள்ளைக்காரர் கையில் சின்னப் பெட்டியோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வௌவால் எழுப்பும், எங்கள் காதுக்குக் கேட்காத மீயொலியைக் கேட்கிற ஒலியாக மாற்றித் தரும் பெட்டி அது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பூச்சி பிடித்துத் திரியும் ஒரு வகை வௌவாலின் சத்தம் அதில் அப்படித்தான் கேட்கும், நிற்காமல் அடிக்கும் தானியங்கித் துப்பாக்கி மாதிரி. நான் ஏன் குந்தினேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். உடனே பெட்டியை நிற்பாட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் அவரை வாத்தியார் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு அவர் இப்போது திரும்பிப் பார்ப்பார்.

அந்த மாரியிலேயே என்னை எண்ணுவதற்குக் கூட்டிப்போனார். இங்கே பழைய பண்ணையார் மாளிகைகளின் காணிகளில் ஐஸ் நிலவறைகள் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முந்திய காலத்தில், மாரியில் ஏரியின் பனிக்கட்டியை வெட்டிக் கொண்டுவந்து கோடை முழுக்கக் கரையாமல் வைத்திருந்த இடம். செங்கல்லால் வளைவாகக் கட்டி, மேலே மண் போட்டு மூடி, அதன்மேல் இப்போது பெரிய மரங்களும் நிற்கின்றன. ஐஸ் இல்லாமல் போய் நூறு வருடமாயிற்று. அதே குளிரும் அதே ஈரமும் வௌவாலுக்கு வசதியாகப் போனது. இன்னொரு இடம் உலகப்போர்க் காலத்துப் பங்கர் ஒன்று. 1990 இல் பொம்மர் சுற்றிய நாட்களில் ஒன்பது வயதுப் பெடியனாகப் பனங்குற்றிப் பங்கருக்குள் இருந்த நான், இந்தப் பங்கருக்குள் முதல் தரம் குனிந்து நுழைந்தபோது என்னவோ செய்தது. மண் மணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

எண்ணுகிற முறை இப்படி. அனுமதி உள்ள ஆள் ஒருவர், கூட ஒருவர், அவ்வளவுதான். மாரியில் ஒரே ஒருதரம். வெளியில் நின்றே எல்லாம் கதைத்து முடித்துவிட வேண்டும். உள்ளே கதை இல்லை, விரலால் காட்டுவதுதான். ரோச் வெளிச்சத்தைச் சுவரில் ஓடவிட வேண்டும், ஒரு வௌவாலில் நிறுத்தி வைத்திருக்கக் கூடாது. நேர்கீழே நின்று மூச்சு விடக்கூடாது, எங்கள் மூச்சின் சூடே அதற்குக் கூடாது. தொடுவது என்ற பேச்சே இல்லை. (தொட்டால் உங்களுக்கும் நல்லதில்லை. ஐரோப்பிய வௌவால்கள் சிலவற்றில் விசர்நாய் நோய்க் கிருமியின் இனம் இருக்கிறது. கோடையில் விழுந்து கிடக்கும் வௌவாலையும் வெறுங்கையால் தூக்காதீர்கள்.)

முதல்தரம் உள்ளே போனபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் சுவர். வாத்தியார் விரலைக் காட்டக் காட்டத்தான் சுவரில் இருந்து அவை வெளியே வந்தன. ஒன்று தன்னந்தனியாக வளைவின் நடுவில் தொங்கியது. நிலவறையின் ஈரம் அதன் மயிரில் பனித்துளியாகப் படிந்து, ரோச் படும்போது வெள்ளிக் குண்டுமணி மாதிரி மின்னியது. அத்தனை துளியும் அதன் உடம்பில் உறைந்த மாதிரி நிற்கிறதென்றால் உடம்பில் சூடே இல்லை என்று அர்த்தம். இரண்டு செங்கலுக்கு நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த வெடிப்புக்குள் ஒன்றின் முழங்கை மட்டும். இன்னொன்றின் மூக்கு மட்டும். ஜேர்மன் பெயர்களை அப்படியே தமிழாக்கினால் ஒன்று தண்ணீர் வௌவால், பாதம் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரிது. மற்றது குஞ்ச வௌவால், வால்பக்கத்துச் சவ்வின் ஓரத்தில் குஞ்சம் கட்டின மாதிரிச் சிறு மயிர்கள், வயிறு வெள்ளை. நீள்காது வௌவால்தான் எனக்கு விருப்பம். உடம்பளவு நீளமான காதுகளை மடித்து, கைக்குக் கீழே செருகிவிட்டு நித்திரை கொள்ளும். குளிருக்குள் வேலைக்குப் போகிற நாங்கள் கையைக் கக்கத்துக்குள் வைக்கிற மாதிரி. காதின் முன்னாலுள்ள சின்ன மடல் மட்டும் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் காது என்று நினைத்து வேறு இனம் என்று எழுதிவிடுவது புது ஆட்கள் எல்லோரும் விடுகிற பிழை. நானும் விட்டேன்.

இவற்றை நித்திரை என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். நித்திரை கொள்கிற உடம்பு சூடாக இருக்கும். இவை உடம்பின் அடுப்பையே தணித்துவிடுகின்றன. நிலவறை 5 பாகை என்றால் உடம்பும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். பறக்கும்போது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் இதயம் பத்து இருபதுக்கு வந்துவிடும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் சிலவேளை ஒரு மணித்தியாலம் கூடப் போகும். தொங்குவதற்கும் செலவில்லை. சொந்தப் பாரத்தாலேயே காலின் நாண் பூட்டிக்கொள்ளும், தசைக்கு வேலை கிடையாது.

எங்கள் குசினித் தராசில் ஒரு பீற்சா உருண்டை 250 கிராம். அது இருபத்தைந்து முப்பது வௌவால். இந்தப் பத்துக் கிராம் உடம்பு இலையுதிர் காலத்தில் சேர்க்கிற கொழுப்பு இரண்டு மூன்று கிராம். அதை வைத்துத்தான் ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் ஓட்ட வேண்டும். வெளியில் ஒரு பூச்சி கிடையாது.

இந்தக் கணக்கு எங்கள் ஆட்களுக்கு லேசாக விளங்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இதை வாசிப்பீர்கள். போத்தலுக்கு அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், பஞ்சுத்திரி. திரியைக் குறைத்து வைத்தால் ஒரு கிழமைக்கு வரும். யாராவது திரியைத் தூண்டினால் அன்றைக்கே முடியும், அம்மாவிடம் பேச்சும் விழும். வௌவால் திரியைக் குறைத்து வைத்திருக்கிறது. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் தானாகவே சூடாகி எழும்பி, தண்ணீர் குடித்து, இடம் மாறித் திரும்பவும் குளிர்ந்துவிடும். மாரிக்காலக் கொழுப்பில் பெரும்பங்கு இந்தச் சில விழிப்புகளுக்கே போய்விடுகிறது. வட அமெரிக்காவின் சிறு பழுப்பு வௌவாலை வைத்துக் கியூபெக்கில் ஆராய்ந்து 1990 இல் எழுதினார்கள்: ஒருதரம் விழித்தெழுவதற்கு ஆகும் கொழுப்பில் இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கலாம். தானாக எழும்புகிறவைகளுக்கு அந்தச் செலவு கணக்கில் இருக்கிறது. நாங்கள் எழுப்பினால் அது கணக்கில் இல்லாத செலவு. மாசி முடிவில் போத்தல் வெறுமையாகிவிடும்.

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டிய இடம்.

2016 மாசி மாதம். புயல் அடித்து ஓய்ந்த அடுத்த நாள் வாத்தியாருக்குக் காய்ச்சல். நிலவறைக் கம்பிக் கதவின் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வரச்சொல்லித் திறப்பை என்னிடம் தந்தார். மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூட விடுமுறை, கூட்டிக்கொண்டு போனேன். "அப்பா எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ" என்றாள். எனக்கும் காட்ட ஆசை. இந்த நாட்டில் அவளுக்கு நான் காட்டித் தரக்கூடிய விசயம் என்று வேறென்ன இருக்கிறது? பீற்சா அடுப்பா? திறந்து உள்ளே போனோம். பத்து நிமிடம் இருக்கும். கைத்தொலைபேசியில் ஃபிளாஷ் போட்டு ஏழெட்டுப் படம் எடுத்தேன். ஒரு வௌவாலும் அசையவில்லை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு பவ்வியமாக நின்றாள். ஒன்றும் ஆகவில்லை என்ற சந்தோசத்தில் பூட்டிவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து வாத்தியார் வந்தார். பனியில் பெரிய காலும் சின்னக் காலும் உள்ளே போய் வந்த தடம் இருந்திருக்கிறது. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். உள்ளே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டார். "ஒன்றும் எழும்பவில்லை" என்று சொன்னேன். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் குத்துகிறது. அதே கியூபெக் ஆய்வாளர் 1995 இல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஆட்கள் உறங்கிடத்துக்குள் போய், எதையும் தொடாமல், சும்மா நின்றுவிட்டு வந்தார்கள். நிற்கும்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் வௌவால்கள் பறக்கத் தொடங்கின, உச்சம் சில மணித்தியாலம் கழித்து. ஒன்று எழும்பிப் பறக்க, அது மற்றதைத் தட்டி எழுப்ப, இப்படியே போகும். அந்த நேரம் வந்து போன ஆட்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த மாரியில் அந்த நிலவறையில் 39 இருந்தன. அதற்கு முந்தி 45. எங்களாலா, அந்த வருடத்துக் கோடை மழையாலா என்பது யாராலும் சொல்ல முடியாது, வாத்தியாரும் அப்படித்தான் சொன்னார். ஒரு தாய்க்கு வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி. இலையுதிர் காலத்தில் சேர்ந்து, ஆணின் விந்தை மாரி முழுக்க உடம்புக்குள் காத்து வைத்திருந்து, வசந்தத்தில்தான் கருத்தரிக்கும். மாரியில் ஒரு பெண் வௌவால் செத்தால் அடுத்த கோடைக்குட்டியும் சேர்த்துத்தான் போகும். சைபீரியாவில் ஒரு பிராண்ட் வௌவால் காலில் வளையம் போட்டு 41 வருடத்துக்குப் பிறகு உயிரோடு பிடிபட்டது. அதாவது என்னளவு வயது. மெதுவாகப் பெருகி நெடுங்காலம் வாழ்கிற சாதி இது. எலி மாதிரி அடுத்த மாதமே ஈடுகட்டாது.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது: ஐப்பசி 1 முதல் பங்குனி 31 வரை, வௌவால் மாரிக்கு ஒதுங்கும் குகை, நிலவறை, சுரங்கங்களுக்குள் போகக்கூடாது. நான் செய்தது சட்டப்படியும் பிழை. இதை எழுதுவதற்கு ஒரு காரணம், எங்கட இளம் பெடியள் இப்போது பழைய பங்கர், கைவிட்ட சுரங்கம் என்று தேடிப்போய் வீடியோ எடுக்கிறார்கள். கோடையில் போங்கள் தம்பிமாரே. அதுவும் கேட்டுவிட்டுப் போங்கள்.

கனடாவில் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2006 மாசியில் நியூயோர்க் மாநிலத்தில் ஹவ்ஸ் குகைப் பக்கம் எடுத்த படத்தில் வௌவால்களின் மூக்கில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தது. அடுத்த மாரியில் குகை வாசல்களில் சவம். குளிரில் வளரும் பூஞ்சணம் அது. உறங்குகிறதன் தோலில் படர்ந்து, அதை அடிக்கடி எழுப்பிவிடும். அதே திரி தூண்டுகிற கதைதான். கொழுப்பு தீர்ந்து, பட்டப்பகலில் பனிக்குள் பூச்சி தேடிப் பறந்து விழுந்து சாகும். 2010 இல் ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் வந்தது. மில்லியன் கணக்கில் செத்தன. ஒரு காலத்தில் எங்கும் கிடந்த சிறு பழுப்பு வௌவாலைக் கனடா 2014 இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. பூஞ்சணம் போனது ஐரோப்பாவிலிருந்து. இங்குள்ள வௌவால்கள் அதோடு நெடுங்காலம் பழகியதால் அப்படிக் கூட்டமாகச் சாவதில்லை. கடல் தாண்டி எப்படிப் போனது? யாரோ ஒருவருடைய சப்பாத்திலோ கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் எண்ணம். ரொறன்ரோவில் இருந்து வந்த என் மச்சானின் மகன் இங்கே குகை பார்க்கப் போய்விட்டு அதே சப்பாத்தைச் சூட்கேசுக்குள் வைத்தான். நான் எடுத்துக் குப்பையில் போட்டேன். நூற்றியிருபது யூரோச் சப்பாத்து. மச்சான் இன்னும் கதைக்கிறதில்லை.

சரி, நண்பனிடம் வருவோம்.

அவன் நெரிசலில் நின்ற பாட் சேகெபேர்க்கின் நடுவில் கால்க்பேர்க் என்று ஒரு பாறைக்குன்று. நூற்றாண்டுக் கணக்கில் ஜிப்சம் வெட்டியெடுத்துப் பாதி கரைந்த குன்று. வெட்டின கிடங்கு இப்போது திறந்தவெளி அரங்கு, 1952 இலிருந்து கோடையில் அங்கே கார்ள் மையின் செவ்விந்தியர் கதைகளைக் குதிரையும் வெடியுமாக நாடகம் போடுகிறார்கள். அதற்குக் கீழே ஒரு குகை, 1913 இல் கண்டுபிடித்தது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் போகலாம், மாரியில் பூட்டு. ஒரு காலத்தில் அதற்குள் கண்ணால் எண்ணியவர்களுக்குத் தெரிந்தது மிகச் சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் வெடிப்புக்குள். பிறகு வாசலில் ஒளிக்கதிர் பாய்ச்சி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பொறியால் எண்ணத் தொடங்கின பிறகுதான் உண்மை வெளித்தது. இருபதாயிரத்துக்கு மேல். ஒரு குட்டி நகரத்தின் நடுவில், ஒருவரையும் எழுப்பாமல் எண்ணின எண்ணிக்கை. சுற்றிவரப் பல பத்துக் கிலோமீற்றரிலிருந்து வந்து சேர்கின்றன. (நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் மாவட்ட எல்லையைத் தாண்டக் கடதாசி வேண்டும். அதுகளுக்கு வேண்டாம். அந்தப் பொறாமை எனக்கும் கொஞ்சம் உண்டு.)

ஏ20 பெருந்தெரு கிழக்கிலிருந்து இந்த ஊர்ப் பக்கம் வந்து நிற்கிறது. அடுத்த துண்டு ஊரை ஒட்டிப் போக வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2013 கார்த்திகை 6 ஆம் திகதி லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்தத் துண்டைக் கட்டக்கூடாது என்று நிறுத்தியது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துச் சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றிலும் வௌவாலுக்குத் திட்டு. எங்கள் ரெஸ்ரோரண்டிலும் கேட்டிருக்கிறேன். வௌவால் ரோட்டை மறித்ததாம்.

மறித்தது வௌவால் அல்ல. தெருவே போடக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லவும் இல்லை. அது சொன்னதன் சாரம்: இந்த உயிர்கள் குகைக்கு எந்தெந்த வழியால் பறந்து வருகின்றன என்று நீங்கள் போதுமான அளவுக்குத் தேடிப் பார்க்கவில்லை. வேறு பாதையை ஒழுங்காக ஆராயவில்லை. பார்க்காமல் முடிவெடுத்துவிட்டீர்கள். திரும்பிப் போய்ப் பாருங்கள். அதாவது, தெருவை நிறுத்தியது எண்ணாமல் விட்ட அலுவலர்கள். ஒழுங்காக இரண்டு மூன்று வருடம் இரவிரவாக நின்று எண்ணியிருந்தால், எங்கே பாலம் போட வேண்டும், எங்கே மறைப்பு வைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருக்கும். அந்தச் சோம்பலுக்கு இத்தனை வருடம் வட்டி கட்டுகிறோம். நெரிசலில் நிற்கும்போது திட்ட வேண்டிய ஆளைத் திட்டுங்கள் என்பதுதான் என் கருத்து.

மச்சான், உன் கேள்வியின் மற்றப் பாதிக்கு நான் என்ன சொல்வது? 2008 புரட்டாதியில் வன்னியிலிருந்து ஐநா ஆட்களையும் உதவி நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னார்கள். எண்ணக்கூடியவர்கள் போனார்கள். வாசலில் நின்று போகாதீர்கள் என்று சனம் அழுததை நாங்கள் இங்கே கணினித் திரையில் பார்த்தோம். பிறகு 2011 இல் ஐநா நிபுணர் குழு நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. 2012 இல் ஐநாவின் உள்ளக அறிக்கை எழுபதாயிரத்துக்கு மேல் கணக்கில் இல்லை என்றது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் உன் தங்கை எங்கேயோ இருக்கிறாள். வௌவாலுக்கு வழக்குப் பேசிய ஆட்கள் உன் தங்கையிடமிருந்து எதையும் பறித்து வௌவாலுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் ஒரு வாசலில் நின்று எண்ணினார்கள், எண்ணின தாளை நீதிமன்றத்தில் வைத்தார்கள். எங்களுக்கு அந்த வாசலில் நிற்க ஆளில்லாமல் செய்தார்கள். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பத்துக் கிராமின் தலையில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. பாதியில் நின்ற என் கொப்பியை நான் இங்கேதான் எழுதி முடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

இதையெல்லாம் அவனிடம் நேரில் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. தொலைபேசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் வைத்துவிட்டான். மூன்றாம் தரம் அவனே எடுத்து, "எப்ப போறாய்?" என்று கேட்டான்.

இந்த ஜனவரியில் வந்தான். வெளியில் மைனஸ் 6. வாத்தியாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, குனிந்து உள்ளே போக முடியாது. ஆனால் வந்து நின்றார். அனுமதிக் கடதாசியில் இப்போது என் பெயரும் இருக்கிறது. நண்பனை உள்ளே விடவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே தாளும் பென்சிலும் கொடுத்து நிறுத்தினோம். நான் உள்ளே விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்து, வாசலில் வைத்து அவன் காதுக்குள் சொன்னேன். தண்ணீர் 19. குஞ்சம் 21. நீள்காது 4. இனம் தெரியாதது 3.

"நாற்பத்தேழு" என்று கூட்டி எழுதினான். பிறகு கிசுகிசுத்தான்.

"வெடிப்புக்குள்ள தெரியாமல் இருக்கிறதை எங்க எழுதுறது?"

அப்படி ஒரு கட்டம் அந்தத் தாளில் இல்லை. வாத்தியாரிடம் கேட்டேன். இல்லை என்றுதான் அவரும் தலையாட்டினார். நண்பன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஓரத்தில் தமிழில் சின்னதாக என்னவோ எழுதி மடித்துத் தந்தான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் காருக்கு நடந்தோம். "கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு, தேத்தண்ணி எங்கையடா?" என்று வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தான்.